தாளிக்காத கேக்

நார்த்தாமலையிலிருந்து கீரனூர் போகிற வழியில், கல்குவாரி லாரிகள் திரும்பும் முக்கில் இறங்கி அரை மைல் நடந்தால் ஒரு சிற்றூர் வரும். நாற்பது வீடு. அந்த ஊரில் கேக் சுடத் தெரிந்த ஒரே ஆள் அமுதவல்லி. முப்பத்தெட்டு வீட்டில் பிறந்தநாள் என்றால் அவளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அவள் வீட்டைக் கழித்தால் மிச்சம் ஒரு வீடு, நேர் எதிரே இருக்கிற இருளாயியுடையது.

அமுதவல்லிக்கு முப்பத்தொன்பது வயது. அதிகம் பேசமாட்டாள். பேச்சுக்குப் பதிலாகத் தலையை ஆட்டிவிடுவாள்; அதிலேயே ஆமாம், இல்லை, பார்க்கலாம் என்று மூன்று வகை உண்டு. விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் நின்றுகொண்டே வயர் கட்டினாள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாயும்போது வீங்கின காலோடு இறக்கிவிட்டுப் போகும். எட்டாவது வருடம் முழங்கால் மடக்க முடியாமல் போனதும் நின்றுவிட்டாள். அப்புறம் புதுக்கோட்டையில் பெண்களுக்குப் பத்து நாள் இலவசப் பயிற்சி என்று கேள்விப்பட்டுத் தையல் கற்கப் போனாள். தையலில் இடம் முடிந்துவிட்டிருந்தது. திரும்பி வருவதற்குப் பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். அதுவரை உட்காரலாமே என்று பேக்கரி வகுப்பில் போய் உட்கார்ந்தவள் பத்து நாளும் உட்கார்ந்துவிட்டாள்.

ஓவன் வாங்கியபோது வீட்டில் அதை வைக்க இடமில்லை. டிவி இருந்த மேசையில் ஓவன் ஏறியது. டிவி பீரோவுக்கு மேலே ஏறியது. அவள் புருஷன் முத்துராஜ், குவாரியில் டிப்பர் ஓட்டுகிறவன், அன்றிலிருந்து கழுத்தை அண்ணாந்துதான் கிரிக்கெட் பார்க்கிறான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறபோது அமுதவல்லி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே அவனுக்குப் போதுமாயிருந்தது.

இப்படிப்பட்ட ஓவன் இந்தப் பங்குனியில் ஊரைவிட்டே போகிற நிலைக்கு வந்தது.

பங்குனியில் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்குக் கவிச்சி கிடையாது, முட்டை கிடையாது. வெளியூரில் ராத் தங்கக் கூடாது. முக்கியமாக, எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற நெடியும் எண்ணெய் பொரிகிற சத்தமும் அம்மனுக்கு ஆகாது, மீறினால் அம்மை போடும் என்பது ஊர்க்கட்டு. வறுவல் இல்லை, பொரியல் இல்லை. தோசைக்குக்கூட ஒரு வருடம் வழக்கு நடந்திருக்கிறது. கல்லில் மாவை ஊற்றும்போது 'சொய்ங்' என்று கேட்கிறதா இல்லையா என்று இருளாயி எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தோசையும் தடையாயிற்று. ஆகவே எட்டு நாளும் இட்லி, புட்டு, கொழுக்கட்டை. அவித்தது மட்டும்.

போன வருடம் காப்பு நாளில் கீரனூரிலிருந்து ஒரு பிறந்தநாள் கேக்குக்கு ஆர்டர் வந்தது. முட்டை டவுன் முட்டை, தின்னப்போகிறதும் டவுன் பிள்ளை, ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அமுதவல்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்திச் சுட்டாள். வாசத்துக்குக் கதவு தெரியவில்லை, தெருவுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் இருளாயியின் பேரனுக்கு அம்மை போட்டது. யாரும் நேராகக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் தள்ளிப்போயின. அவளே போய் அம்மனுக்குப் பால்குடம் எடுத்தாள். அன்றைக்கு ஊர்த் தலைவர் அம்பலம் வெள்ளைச்சாமி, அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தில் வைத்துச் சொல்லிவிட்டார்: இன்னொரு காப்புக்கு அந்த ஓவன் பொட்டியால் ஒரு பிசகு வந்தால், பொட்டி ஊருக்குள் இருக்காது.

ஓவன் இல்லையென்றால் மறுபடி கம்பெனி வேன்தான். அமுதவல்லிக்கு அது தெரியும். முழங்காலுக்கும் தெரியும்.

இந்த வருடம் காப்புக் கட்டப் பத்து நாள் இருக்கும்போது ஆவூரிலிருந்து ஷெரின் என்ற பெண் போன் செய்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். திருச்சியில் அவளுடைய சிநேகிதி ஒரு கடை நடத்துகிறாளாம். அந்தக் கடைக்கு வாராவாரம் வாழைப்பழ ரொட்டி வேண்டுமாம். முதலில் மாதிரிக்கு இரண்டு கொடுக்க வேண்டும்.

"அக்கா, முட்டை போடக் கூடாது. பாலும் கூடாது. வெண்ணெ, நெய்யி, தயிரு, தேனு ஒண்ணும் கூடாது. வீகன்."

அமுதவல்லி கொஞ்சம் யோசித்தாள். "எம்புட்டு நாளைக்கும்மா?"

"நாலு வருசமா இருக்கேன்க்கா."

"இல்ல, எப்ப முடியும்?"

"முடியாதுக்கா. ஆயுசுக்கும்தான்."

அமுதவல்லிக்கு அந்தப் பெண்மேல் ஒரு மரியாதை வந்தது. ஆயுசுக்கும் காப்புக் கட்டிக்கொண்ட ஒருத்தியை அவள் இதுவரை பார்த்ததில்லை. வீட்டில் அம்மாவே தவக்காலத்துக்கு நாற்பது நாள்தானே, உனக்கு மட்டும் ஏன் முடியவே மாட்டேன் என்கிறது என்று கேட்பதாக ஷெரின் சிரித்தாள். அமுதவல்லி போனிலேயே தலையை ஆட்டினாள். அப்புறம்தான் அது தெரியாது என்று உணர்ந்து, "சரிம்மா" என்றாள். அன்றிலிருந்து மூன்றாவது சனிக்கிழமை கொடுத்தால் போதும் என்று சொல்லி ஷெரின் வைத்துவிட்டாள். அமுதவல்லி காலண்டரைப் பார்த்தபோது அந்தச் சனிக்கிழமை காப்புக் கட்டிய ஏழாம் நாளாக இருந்தது.

முதலில் செய்யத் தெரிய வேண்டுமே, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சோதனையில் இறங்கினாள். சுத்த சைவக் கேக் என்று முத்துராஜிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. சைவம் என்றால் நெய் நன்றாக இருக்க வேண்டுமே என்று அவன் கீரனூரில் தேடி அலைந்து அரை லிட்டர் பசு நெய் வாங்கிவந்து நிறுத்தினான். நெய்யும் கூடாது என்றதும் அவன் முகம் தொங்கிவிட்டது. பாலில்லாமல், நெய்யில்லாமல் ஒரு சைவம் இருக்கும் என்பதை அவனால் ஏற்கவே முடியவில்லை.

முட்டைக்குப் பதிலாக ஆளி விதையைப் பொடித்து ஊறவைக்கலாம் என்று யூடியூபில் பார்த்தாள். அது கீரனூர் நாட்டு மருந்துக் கடையில்தான் கிடைத்தது. கடைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"எத்தனை நாளாம்மா வெளிக்கிப் போகல?"

"எனக்கில்லண்ணே. கேக்குக்கு."

"ஆமா, அதத் தின்னா அப்படித்தான் கட்டிக்கும்" என்று அவர் இன்னும் ஒரு கரண்டி சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்.

ஊறவைத்த ஆளி விதை கொழகொழவென்று வெள்ளைக்கருவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி வந்தது. வெண்ணெய்க்குப் பதில் முதல் தடவை கடலை எண்ணெய் ஊற்றினாள். கேக் முறுக்கு வாசம் அடித்தது. இரண்டாம் தடவை தேங்காய் எண்ணெய். ஆளி விதையும் கொஞ்சம் தாராளமாகிவிட்டது. வெளியே வந்ததை முத்துராஜ் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "இத குவாரிப் பக்கம் கொண்டு போயிராத. வெட்டு மிசின வச்சிருவானுக" என்றான். பிள்ளையார் தேங்காயை அதில் உடைக்கலாமா என்றும் கேட்டான். அவள் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்தாள். காற்றுக்கு அசையவில்லை.

மூன்றாம் தடவைதான் பிடி கிடைத்தது. கெட்டித் தேங்காய்ப்பாலில் இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டால் அது மோர் போலத் திரிந்துகொண்டது. பழம் கடையில் யாரும் சீந்தாத, தோல் கறுத்துக் காம்பு கழன்ற பூவன் பழம், அதற்குத்தான் இனிப்பு. ஆறு பழத்தை மசித்து, நாட்டுச் சர்க்கரையும் மாவும் ஆளி விதைக் கொழகொழப்பும் சேர்த்து, ஆப்பத்துக்குப் போடுகிற சோடாப்பு போட்டு, கடைசியில் திரிந்த பாலை ஊற்றினால் எல்லாம் நுரைத்துப் பொங்கியது. ரொட்டி இரண்டு விரல்கடை ஏறிற்று. வெட்டினால் ஈரமும் மெதுவுமாக இருந்தது. முத்துராஜ் நாலு துண்டு தின்றுவிட்டு, நெய்யைப் பற்றிப் பிறகு பேசவேயில்லை.

மறுநாள் காப்புக் கட்டினார்கள்.

அமுதவல்லி ஐந்து நாள் யோசித்தாள். முட்டை இல்லை. கவிச்சி இல்லை. வறுக்கவில்லை, பொரிக்கவில்லை, தாளிக்கவில்லை. ஊர்க்கட்டில் இருக்கிற எந்த விதியும் இந்த ரொட்டியின்மேல் படவில்லை. உலகத்தில் இருக்கிற அத்தனை கேக்கிலும் காப்பு நாளில் சுடக்கூடிய கேக் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வெள்ளைச்சாமியிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறப்பதைவிட ஓவனைத் திறப்பது அவளுக்கு எளிது.

வெள்ளிக்கிழமை காலை முத்துராஜ் வேலைக்குப் போனதும் ஆரம்பித்தாள். இரண்டு ரொட்டிக்கு வேண்டும் என்பதால் எல்லாம் இரட்டை அளவு. அகலமான எவர்சில்வர் குண்டானில் சோடாப்பைப் போட்டு, திரிந்த தேங்காய்ப்பாலை ஒரே ஊற்றாக ஊற்றினாள்.

சொர்ர்ர்ர் என்றது.

இங்கே இருளாயியின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அறுபதை ஒட்டிய வயது. கண் கொஞ்சம் மங்கல். அந்தக் கண்ணுக்குப் போக வேண்டிய பங்கும் காதுக்குப் போய்விட்டதோ என்னவோ. நாலு வீடு தள்ளித் தாளித்தால் கடுகா சீரகமா என்று சொல்வாள். கடுகு என்றால் எண்ணெய் சரியாகக் காயவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வாள். அன்றைக்குத் தன் வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, தெரு நடுவில் நின்று, அறிவிப்பு மாதிரிச் சொன்னாள்:

"அமுதவல்லி தாளிச்சுட்டா."

அரை மணி நேரத்தில் கோயில் கொட்டகையில் ஊர் கூடிவிட்டது. வெள்ளைச்சாமி துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். பூசாரி தூணில் சாய்ந்துகொண்டார். போன வருடம் பொட்டியைப் பற்றித் தான் சொன்னதை வெள்ளைச்சாமி ஞாபகப்படுத்தினார்; ஞாபகப்படுத்தத் தேவையில்லை என்பதுபோல எல்லாரும் அமுதவல்லியைப் பார்த்தார்கள். இருளாயி சாட்சி சொன்னாள். சத்தம் எந்த நேரத்தில் கேட்டது, எவ்வளவு நேரம் கேட்டது, எப்படித் தணிந்தது என்று பிசகில்லாமல் சொன்னாள். கடுகு வெடித்ததா என்று வெள்ளைச்சாமி கேட்டதற்கு, வெடிக்கவில்லை, அதுதான் தனக்கும் ஆச்சரியம் என்று ஒப்புக்கொண்டாள். பொய் சேர்த்துச் சொல்கிற வழக்கம் அவளிடம் கிடையாது.

"சொல்லு ஆத்தா" என்றார் வெள்ளைச்சாமி. "தாளிச்சியா?"

அமுதவல்லி தலையை ஆட்டினாள். இல்லை என்கிற வகை. ஆனால் நடுங்கிக்கொண்டே ஆட்டியதில் அது ஆமாம் மாதிரியும் தெரிந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஓவனைத் தூக்கி முத்துராஜின் டிப்பரில் ஏற்றுவது அவள் கண்ணில் தெரிந்தது. அதற்குப் பின்னாலேயே கம்பெனி வேனும் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"மாமா, அது தாளிப்பு இல்ல" என்றாள். "சோடாப்பு."

சொல்லிவிட்டால் போதாது என்று அவளுக்கே தெரிந்தது. வீட்டுக்கு ஓடி இன்னொரு குண்டான், சோடாப்பு, வினிகர் பாட்டில் மூன்றையும் எடுத்துவந்து கொட்டகை நடுவில் வைத்தாள். வீட்டில் கலந்துவைத்த மாவு அந்நேரத்துக்கு அமுங்கிப் போயிருந்தது. பஞ்சாயத்து முடிகிறவரை காத்திருக்கும் பொறுமை சோடாவுக்குக் கிடையாது. அதைப் பார்க்காததுபோல வந்துவிட்டாள். குண்டானில் சோடாப்பைப் போட்டு வினிகரை ஊற்றினாள். சொர்ர்ர்ர் என்று நுரை பொங்கியது. முன்வரிசை ஓரடி பின்னால் போயிற்று. அமுதவல்லி அந்த நுரைக்குள் கையை விட்டாள்.

"குளுந்து கெடக்கு மாமா. தொட்டுப் பாருங்க."

வெள்ளைச்சாமி ஒரு விரலை விட்டார். பூசாரி இரண்டு விரல். அப்புறம் ஊரே ஒவ்வொருவராக வந்து கையை நனைத்துக்கொண்டு போயிற்று. சிலர் பழக்கத்தில் நெற்றியில் பூசிக்கொண்டார்கள். தீயில்லாமல் சத்தம் வருவதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வழக்கு முடிந்தது என்று அமுதவல்லி குண்டானை எடுக்கப் போனாள்.

"இருங்க" என்றாள் இருளாயி. "சூடு இல்ல. சரி. ஆனா அம்மனுக்குக் கேக்குறது சத்தம்தான? அவ என்ன வந்து கைய விட்டா பாக்கப் போறா?"

கேள்வி அப்படிப்பட்டது. முப்பது வருடம் பஸ்ஸில் எத்தனையோ வாய்த்தகராறைத் தீர்த்த வெள்ளைச்சாமிக்கே அதை எங்கே இறக்கிவிடுவது என்று தெரியவில்லை. பூசாரியைப் பார்த்தார். பூசாரி தூணைவிட்டு நிமிர்ந்தார். பிறகு, தாளிப்பு ஆகாது என்றது சத்தத்துக்காக மட்டுமில்லை, நெடிக்காகவும்தான். அம்மை கண்டவர்களுக்குக் காரநெடி மூக்கில் ஏறினால் தாங்காது. சத்தத்தைக் கேட்டாயிற்று, இனி நெடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றார். யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தபோது வெள்ளைச்சாமி சிரித்துவிட்டார்.

"காது சாட்சி சொல்லிருச்சு. மூக்கும் சேந்து வரட்டும். இருளாயி, நீதான் நெடி பாக்குற. பொட்டிக்கு முன்னாடியே ஒனக்கு சீட்டு."

இருளாயி அமுதவல்லி வீட்டு வாசற்படி ஏறி ஒரு வருடம் ஆகியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டே உள்ளே வந்து, ஓவனுக்கு நேர் எதிரே போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வெள்ளைச்சாமியும் பூசாரியும். இடம் கொள்ளாமல் ஜன்னலில் ஏழெட்டுத் தலைகள். கோயிலுக்கு வந்த பழத்தாரிலிருந்து கனிந்த சீப்பாகப் பார்த்து யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அமுதவல்லி மறுபடி முதலிலிருந்து மசித்தாள். திரிந்த பாலை ஊற்றும்போது 'சொர்ர்' வந்ததும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் தலையசைத்தார்கள், தெரிந்தவரைத் தெருவில் பார்த்ததுபோல.

ஓவனுக்குள் பல்பு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தகர டின்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. எந்த வேலையும் செய்யாமல் ஒரு பொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை என்று பூசாரி சொன்னார். இதற்கு இடைவேளை உண்டா என்று ஜன்னலில் ஒரு குரல் கேட்டது. இருபதாவது நிமிடம் மாவின் நடுப்பகுதி மெல்ல உயர்ந்தது. "ஏறுது, ஏறுது" என்றார் வெள்ளைச்சாமி, படிக்கட்டில் கூட்டம் பார்க்கிற குரலில். இருளாயி மங்கலான கண்ணைச் சுருக்கிக்கொண்டு கண்ணாடியை நோக்கிக் குனிந்தாள். நாற்காலியும் கூடவே ஒரு சாண் முன்னால் போயிற்று.

அரை மணிக்கு வாசம் கிளம்பியது. வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் ஒன்றாகச் சேர்ந்து கனிகிற வாசம். ஆறு நாளாக வெறும் இட்லியும் தாளிக்காத சட்னியும் தின்ற ஊர் அது. ஜன்னல் தலைகள் கம்பியோடு ஒட்டிக்கொண்டன. வெள்ளைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, நெடி உண்டா என்று கேட்டார். எல்லாரும் இருளாயியைப் பார்த்தார்கள். அமுதவல்லி ஓவன் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்டு என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாரும் மறுத்துப் பேச முடியாது, அந்த மூக்குக்கு ஊரில் எதிர்மூக்கு இல்லை.

இருளாயி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். சரியாகப் பிடிபடாததுபோல இன்னொரு மூச்சு. மூன்றாவதையும் இழுத்தாள், அது வழக்குக்குத் தேவையில்லாத மூச்சு என்று பூசாரி பிற்பாடு சொன்னார்.

"நெடி இல்ல" என்றாள். "மணம்தான்."

அத்தோடு விட்டிருந்தால் அவள் இருளாயி இல்லை. டின்னிலிருந்து கவிழ்த்து, ஆறவைத்து, வெட்டியபோது ஒரு துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஈரமாக, மெத்தென்று, கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது, இது அவித்தது. மேலே செவந்து, மொறுமொறுவென்று தோல் கட்டியிருக்கிறது, இது சுட்டது. தோசைக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு உள் பாகத்தை மட்டும் பிய்த்துத் தின்றாள். தோலைத் தனியாகத் தட்டில் வைத்தாள். அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளியும் வைத்தாள்.

வெள்ளைச்சாமி தீர்ப்புச் சொன்னார். "உள்ள இருக்குறது செல்லும். மேல் தோலு செல்லாது. தோல் வராமச் சுடத் தெரிஞ்சா சுட்டுக்க ஆத்தா, எத்தனை வேணாலும் சுட்டுக்க. தோலோட ஒண்ணு வந்துச்சு, பொட்டி ஊருக்குள்ள நிக்காது. இது கடைசி ஸ்டாப்பு."

ஓவனில் சுட்டால் மேலே சிவக்கத்தான் செய்யும். சிவக்காவிட்டால் வேகவில்லை என்றுதான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். சூட்டைக் குறைத்தால் நடுவில் மாவு நிற்கும். தோலைச் சீவிவிட்டு அனுப்பினால் துண்டு துண்டாக உதிரும், மாதிரிக்குக் கொடுக்க முடியாது. ஷெரினுக்குப் போன் பண்ணி முடியாது என்று சொல்லிவிட்டு, காப்பு அவிழ்க்கிறவரை ஓவனைக் கோணி போட்டு மூடிவிடலாம். பொட்டியாவது தப்பும். கூட்டம் கலைந்த வீட்டில் அவள் போனைக் கையில் எடுத்தாள். என்ன பேசுவது என்று யோசித்தாள். காப்பு, தாளிப்பு, தோல் என்று எல்லாவற்றையும் அந்தப் பெண்ணுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அவ்வளவு பேசுவதற்குப் பதில் இன்னொரு தடவை சுட்டே பார்த்துவிடலாம் என்று தோன்றிப் போனைக் கீழே வைத்தாள்.

கொல்லையில் போய் இளம் வாழையிலையாக நாலு அறுத்துவந்தாள். கிழியாமல் மடிவதற்காக அடுப்பில் லேசாக வாட்டினாள். மிச்சப் பழத்தை மசித்து மறுபடி மாவு கலந்து, இரண்டு டின்னிலும் இலையை விரித்து ஊற்றி, மேல் இலையைப் போர்வை மாதிரி மடித்து மூடி, ஒவ்வொன்றின்மேலும் இன்னொரு டின்னைக் கவிழ்த்தாள். சூட்டைக் கொஞ்சம் தணித்து ஒன்றேகால் மணி நேரம் விட்டாள். அந்த ஒன்றேகால் மணியும் நாற்காலி காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் இருளாயியைக் கூப்பிட அவளே தெருவைக் கடந்து போனாள். வெள்ளைச்சாமியும் வந்தார். அப்போதுதான் வேலை முடிந்து வந்த முத்துராஜ், தன் வீட்டில் என்ன பஞ்சாயத்து என்று புரியாமல் வாசலிலேயே நின்றான். அமுதவல்லி இலையைப் பிரித்தாள். வெளிர்ந்த பழுப்பில், இலை நரம்பு வரிவரியாகப் பதிந்து, ஓர் இடத்திலும் சிவக்காமல் ரொட்டி உட்கார்ந்திருந்தது. குச்சியால் குத்திப் பார்த்தாள், மாவு ஒட்டவில்லை. இருளாயி மேலே, பக்கத்தில், அடியில் என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். தோல் எங்கேயும் அகப்படவில்லை.

"அயித்தே?" என்றாள் அமுதவல்லி.

"கொழுக்கட்டைதான்" என்றாள் இருளாயி. "கொஞ்சம் பெரிசு."

இலையை அடுப்பில் வாட்டினேனே, அது செல்லுமா என்று அமுதவல்லி கேட்க வாயெடுத்தாள். வெள்ளைச்சாமி கையைத் தூக்கி நிறுத்தினார். அதை யாரும் கேட்கவில்லை, நீயும் சொல்லாதே என்று சொல்லி, "ரைட், போகலாம்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். வாசலில் நின்ற முத்துராஜிடம், பொட்டி இங்கேயே இருக்கட்டும் என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பொட்டி எங்கே போவதாக இருந்தது என்பதை அவன் சாப்பிடும்போதுதான் தெரிந்துகொண்டான்.

சனிக்கிழமை காலையில் இரண்டு ரொட்டியையும் இலையோடு கட்டி அவன் ஆவூரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். மத்தியானம் ஷெரின் போன் செய்தாள். படத்தில் பார்ப்பதுபோல மேலே சிவக்கவில்லையே என்று முதலில் பயந்துவிட்டாளாம். திருச்சிக்காரி தின்றுவிட்டு, வாராவாரம் வேண்டும், ஆனால் இதே மாதிரி இலை போட்டதுதான் வேண்டும் என்கிறாளாம்.

"எப்படிக்கா தோணுச்சு ஒங்களுக்கு, எலை வைக்கணும்னு?"

முந்தின நாள் ஒரு வருடத்துக்கான பேச்சைப் பேசித் தீர்த்திருந்த அமுதவல்லி, "காப்புலம்மா" என்றாள். அந்தப் பக்கம் ஒன்றும் விளங்காமல் சிரிப்புச் சத்தம் கேட்டது.

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால் ஏழெட்டுப் பெண்கள் நிற்கிறார்கள். ஆளுக்கொரு சீப்புக் கறுத்த பழம், ஆளுக்கொரு தேங்காய், வாழையிலை. வீட்டில் பிள்ளைகள் இட்லியைப் பார்த்து அழுகிறார்களாம். இன்னும் ஒரு நாள் காப்பு மிச்சம் இருக்கிறதாம். பெரிய கொழுக்கட்டை செல்லும் என்று அம்பலமே சொல்லிவிட்டாராம். அத்தனை பேருக்கும் முன்னால், யாரும் தன்னைத் தாண்டிப் போய்விடாதபடி முழங்கையை விரித்துக்கொண்டு இருளாயி நின்றாள். அவள் கையில் இருந்த சீப்பு மற்ற எல்லாருடையதையும்விடப் பெரிது.

ஓவனில் ஒரு நேரத்துக்கு இரண்டு டின்தான் கொள்ளும். அமுதவல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், அகலமான குண்டானையும் கரண்டியையும் எடுத்துவந்து இருளாயியின் முன்னால் வைத்தாள்.

"உக்காருங்க அயித்தே. பழத்த மசிங்க."